இதழ்ச் செயலியில் வடிவூட்டிய உரையைக் காட்டுதல்: வெப்வியூவா, இயல்பான உரைப்பெட்டியா?

இதழ்ப்பணி எழுதியது:

வணக்கம். இலக்கிய மாத இதழ் ஒன்றின் செயலியை நானும் நண்பர் ஒருவரும் பகுதிநேரப் பணியாகப் பராமரித்து வருகிறோம். கட்டுரைகள் எல்லாம் வேர்ட்பிரஸ் தளத்தில் இருக்கின்றன. செயலி அவற்றை எச்டிஎம்எல்லாக (வலைப்பக்கங்கள் எழுதப்படும் குறிமொழி) பெற்று, ஒரு கட்டுரைக்கு ஒரு வெப்வியூ (செயலிக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் பெட்டி) என்ற கணக்கில் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் காட்டுகிறது. உரையில் தடித்த எழுத்தும் இணைப்பும் மட்டும் இருந்திருந்தால் இந்த இழையைத் தொடங்கியிருக்க மாட்டேன். துணைத்தலைப்புகள், மேற்கோள் பத்திகள், செய்யுள் அடிகள், அடிக்குறிப்பு எண்கள், படங்களும் அவற்றின் விளக்கங்களும், அரிதாக அட்டவணைகள் என எல்லாமே வருகின்றன. பழைய கட்டுரைகள் சிலவற்றில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும் எஞ்சியுள்ளன.

இருள்நிலையில் கட்டுரையைத் திறக்கும்போது திரை ஒரு கணம் வெள்ளையாக மின்னுகிறது என்று வாசகர்கள் சொல்கிறார்கள். கட்டுரையின் கீழே உள்ள கருத்துப் பகுதி இயல்பான பட்டியலாக இருப்பதால், வெப்வியூவின் உருட்டலும் பட்டியலின் உருட்டலும் ஒன்றோடொன்று மோதுகின்றன. தேடலிலிருந்து கட்டுரைக்குள் வருபவர்களுக்குத் தேடிய சொல்லை வண்ணமிட்டுக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் நெடுநாளாக நிலுவையில் இருக்கிறது. வெப்வியூவைக் கைவிட்டு இரு தளங்களிலும் இயல்பான உரைப்பெட்டிகளுக்கு மாறுவது பயன் தருமா, இல்லை, ஒரு தொல்லையை விட்டு இன்னொன்றில் போய் விழுவோமா என்பதே என் கேள்வி.

வலைத்தச்சன் எழுதியது:

மாறாதீர்கள் என்பதே என் முதல் பதில். உங்கள் உள்ளடக்கம் பிறந்ததே எச்டிஎம்எல்லாக. அதைக் காட்டுவதற்கென்றே பல ஆண்டுகளாகச் செதுக்கப்பட்ட பொறி கையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 5.0 முதல் வெப்வியூ பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பிக்கப்படுவதால், பழைய கைபேசியிலும் ஓரளவு புதிய குரோமியம் (குரோம் உலாவியின் அடிப்படை) பொறியே கிடைக்கிறது. ஐபோனில் 2014இல் வந்த டபிள்யூகே வெப்வியூ, பக்கத்தைத் தனிச் செயல்முறையில் வரைகிறது; ஆகவே பக்கம் செயலிழந்தாலும் செயலி விழுவதில்லை. அட்டவணை, அடிக்குறிப்பு, மேலெழுத்து, பத்தி கடந்த உரைத்தேர்வு ஆகிய அனைத்தும் எவரும் எழுதாமலே வேலை செய்கின்றன. இபப் வடிவ மின்னூல்களைக் காட்டும் ரீடியம் கருவித்தொகுப்பு இன்றும் வெப்வியூவைத்தான் நம்பியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

வெள்ளை மின்னலுக்குத் தீர்வு எளிது. ஆண்ட்ராய்டில் வெப்வியூவின் பின்னணி நிறத்தைப் பக்கம் ஏற்றப்படுவதற்கு முன்பே அமைத்துவிடுங்கள். ஐபோனில் அதன் ஒளிபுகாத் தன்மையை நீக்கிவிட்டு, அடியிலுள்ள பரப்புக்கு இருள்நிறம் கொடுங்கள். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். கோப்பையும் எழுத்துருவையும் வலையிலிருந்து இழுக்காமல் செயலிக்குள்ளேயே வைத்துக்கொண்டால் திறக்கும் நேரமும் குறையும். கருத்துப் பகுதியைக் கட்டுரையின் அடியில் ஒட்டாமல் தனித் திரையாக்கிவிட்டால் உருட்டல் மோதலே எழாது.

ஆண்ட்ராய்டு உழவன் எழுதியது:

வலைத்தச்சன் சொல்வது ஒற்றைக் கட்டுரைத் திரைக்குப் பொருந்தும். ஆனால், வடிவூட்டிய உரை பட்டியலுக்குள் வரும் இடங்களில், அதாவது கருத்துகளிலும் முன்னோட்டச் சுருக்கங்களிலும், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வெப்வியூ வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அதன் உயரம் பக்கம் வரையப்பட்ட பிறகே தெரியவரும்; தெரிந்ததும் பட்டியல் துள்ளும்; நினைவகமும் வீணாகும்.

ஆண்ட்ராய்டின் இயல்பான வழி டெக்ஸ்ட்வியூ என்ற உரைப்பெட்டியும் ஸ்பான்களும். ஓர் எழுத்துத்தொடரின் மீது, இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை தடித்தது, இந்த இடம் முதல் அந்த இடம் வரை இணைப்பு, இந்தப் பத்திக்கு இவ்வளவு இடது ஓரம் என்று அடையாளங்களை ஒட்டிவைப்பதே ஸ்பான். எச்டிஎம்எல்லை இவ்வாறு மாற்றித்தர ஃப்ரம்-எச்டிஎம்எல் என்ற செயற்கூறு தொடக்ககாலம் முதலே உண்டு. புதியவர்கள் அதைக் கண்டவுடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். அதன் எல்லைகளை அறிந்த பிறகே அதைத் தொட வேண்டும். அது அட்டவணையை அறியாது. கட்டங்களில் இருந்த சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்து விழும். புள்ளியிட்ட பட்டியலுக்கே ஆண்ட்ராய்டு 7.0இல்தான் ஆதரவு வந்தது. எண்ணிட்ட பட்டியலின் எண்களை அது இன்றும் போடுவதில்லை. படங்களைத் தருவதற்கு அது நம்மிடம் கேட்கும் இடைமுகம் உடனடியாக விடையை எதிர்பார்க்கிறது. வலையிலிருந்து வரவேண்டிய படத்துக்கு முதலில் வெற்று உருவம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, படம் வந்தபின் எல்லைகளை மாற்றி உரையை மீண்டும் அடுக்கச் செய்ய வேண்டியிருக்கிறது. அறியாத டேக் (எச்டிஎம்எல் குறி) வந்தால் நாமே கையாள ஒரு வழி இருக்கிறது என்றாலும், பண்புகளைப் படிப்பதற்கு அங்கே படாத பாடு பட வேண்டும். இணைப்பைத் தொட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்று குழம்புகிறவர்கள், டெக்ஸ்ட்வியூவுக்கு, தொடுகையை இணைப்புக்குக் கடத்தும் லிங்க் மூவ்மெண்ட் மெத்தட் அமைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நீண்ட உரையில் நேரத்தைத் தின்பது எச்டிஎம்எல்லைப் பகுப்பதைவிட, வரிகளை அளந்து அடுக்கும் வேலைதான். ஆண்ட்ராய்டு 9இல் வந்த ப்ரீகம்ப்யூட்டட் டெக்ஸ்ட் இந்த அளவீட்டைப் பின்னணி இழையில், அதாவது திரையை வரையும் முதன்மை இழைக்கு வெளியே தனியாக ஓடும் நிரலோட்டத்தில், முடித்துவைக்க உதவுகிறது. இருபது பக்கக் கட்டுரையை ஒரே டெக்ஸ்ட்வியூவில் கொட்டுவதைவிட, பத்திக்கு ஒன்றாகப் பிரித்து ரீசைக்ளர்வியூவில் (திரையில் தெரியும் வரிசைகளை மட்டும் வைத்திருக்கும் பட்டியல்) வைப்பது எந்தக் கைபேசியிலும் சீராக ஓடும். ஆண்ட்ராய்டின் புதிய திரையமைப்புக் கருவியான ஜெட்பேக் கம்போஸில் இதே வேலையை அனொடேட்டட் ஸ்ட்ரிங் செய்கிறது. அங்கும் எச்டிஎம்எல்லிலிருந்து நேரடியாக மாற்றும் வசதி 1.7ஆம் பதிப்பில்தான், 2024இல், வந்தது. அதன் எல்லைகளும் ஏறத்தாழ இவையே.

கனிக்கூடை எழுதியது:

ஐபோன் பக்கத்து நிலவரத்தை நான் சொல்கிறேன். இங்கே மையமானது, உரையையும் அதன் வடிவக் குறிகளையும் சேர்த்து வைக்கும் என்எஸ் அட்ரிபியூட்டட் ஸ்ட்ரிங். அதற்கு எச்டிஎம்எல் தரவைக் கொடுத்தால் வடிவூட்டிய உரையாக மாற்றித் தரும் வழி ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டின் ஃப்ரம்-எச்டிஎம்எல்லைவிடப் பன்மடங்கு திறமையாகவும் செய்யும். ஏனெனில் உள்ளே இருந்து அந்த வேலையைச் செய்வது ஐபோனின் உலாவிப் பொறியான வெப்கிட்டேதான். அதனாலேயே அதைப் பின்னணி இழையிலிருந்து அழைக்கக் கூடாது என்று ஆப்பிளின் ஆவணம் தெளிவாக எச்சரிக்கிறது. முதன்மை இழையில் அழைத்தாலோ, பட்டியல் உருளும் வேளையில் திரை தடுக்கித் தடுக்கி நகரும். சி.எஸ்.எஸ். எதுவும் கொடுக்காவிட்டால் டைம்ஸ் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் உரை வந்து நிற்கும். பயனர் தம் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் அதையும் அது பொருட்படுத்தாது. ஆகவே வெப்வியூவின் எடையைத் தவிர்க்க இந்த வழிக்கு வருகிறவர்கள், அதே எடையை வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள் என்றே சொல்வேன்.

ஐஓஎஸ் 15 முதல், ஐபோன் நிரல்மொழியான ஸ்விஃப்டுக்குரிய அட்ரிபியூட்டட் ஸ்ட்ரிங் வந்திருக்கிறது. மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையையும் அது படிக்கும். ஆனால் ஸ்விஃப்ட்யூஐ என்ற திரையமைப்புக் கருவியின் டெக்ஸ்ட் பெட்டி, அதில் வரிக்குள் அடங்கும் வடிவங்களை மட்டுமே வரைகிறது. தடிப்பு, சாய்வு, இணைப்பு ஆகியவை தெரியும். தலைப்பு, பட்டியல், மேற்கோள் பத்தி ஆகியவற்றின் குறிப்பு தரவுக்குள் இருக்கும், திரையில் தெரியாது. அவற்றை நாமே பிரித்தெடுத்துத் தனித்தனியாக வரைய வேண்டும்.

இதழ்ப்பணி எழுதியது:

மூன்று நண்பர்களுக்கும் நன்றி. நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். இரு தளங்களிலும் ஆயத்தமாகக் கிடைக்கும் எச்டிஎம்எல் மாற்றிகள் கருத்துப் பெட்டி அளவுக்குப் போதும், முழுக் கட்டுரைக்குப் போதா. அப்படியானால் நாங்களே எச்டிஎம்எல்லைப் பகுத்து உரையை அமைக்க வேண்டும். அதாவது ஆண்ட்ராய்டுக்குக் கோட்லினில் ஒரு முறை, ஐபோனுக்கு ஸ்விஃப்டில் ஒரு முறை என்று ஒரே வேலையை இரண்டு முறை எழுத வேண்டும். இருவர் மட்டுமே உள்ள எங்கள் குழுவுக்கு அது இயலுமா? இதற்காக, ஒரே நிரலால் இரு தளங்களுக்கும் செயலி எழுத உதவும் ஃப்ளட்டருக்கு மாறிவிடலாமா என்று நண்பர் கேட்கிறார்.

சர்வர் பண்டாரம் எழுதியது:

எந்தப் பெட்டியில் காட்டுவது என்ற கேள்விக்கு முன்னால், எதைக் காட்டுகிறோம் என்பதை வரையறுக்க வேண்டும். உங்கள் இதழில் வரக்கூடிய உறுப்புகளை நீங்களே மேலே எழுதிவிட்டீர்கள்: பத்தி, துணைத்தலைப்பு, மேற்கோள், செய்யுள், படம், அட்டவணை. வரிக்குள் வருபவை தடிப்பு, சாய்வு, இணைப்பு, அடிக்குறிப்பு எண். பத்துப் பன்னிரண்டு உறுப்புகளுக்குள் இதழ் முழுவதும் அடங்கிவிடும். எச்டிஎம்எல்லின் எல்லையற்ற வாய்ப்புகளைக் கைபேசியில் கையாள முயலாமல், சர்வரிலேயே அதைப் பகுத்து, இந்தச் சிறு இலக்கணத்துக்குள் அடங்கும் ஜேசன் (தரவைப் பரிமாறும் எளிய உரைவடிவம்) துண்டுகளாக்கி அனுப்புங்கள். பகுப்பது ஒரே இடத்தில் ஒரே முறை நடக்கும்; கைபேசியில் எஞ்சுவது, ஒரு துண்டு வந்தால் அதற்குரிய வரிசையை வரைவது மட்டுமே. அந்த அளவு நிரலை இருவர் இரு மொழிகளில் எழுதுவது பெரும் சுமையாகாது.

வேர்ட்பிரஸில் 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு முதல், கட்டுரையின் மூல உரையில் ஒவ்வொரு துண்டுக்கும் எல்லைக்குறிப்பு இருக்கிறது. பொதுவாகக் கிடைக்கும் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் வாயில்) விடையில் அக்குறிப்புகள் நீக்கப்பட்டு, காட்சிக்குரிய எச்டிஎம்எல் மட்டுமே வரும். மூல உரையைப் பெறத் திருத்தும் உரிமையோடு அழைக்க வேண்டும். மாற்றி சர்வரிலேயே இருந்தால் இது ஒரு சிக்கலே அல்ல.

தடிப்பு முதலியவற்றை, துண்டின் வெற்று உரை ஒன்று, அதன்மேல் தொடக்க இடமும் நீளமும் கொண்ட குறிகள் சில என்று அனுப்புங்கள். டெலிகிராம் தன் ஏபிஐயில் செய்திகளின் வடிவத்தை இப்படித்தான் தருகிறது. ஸ்பானுக்கும் அட்ரிபியூட்டட் ஸ்ட்ரிங்குக்கும் இது அப்படியே பொருந்தும். இடங்களை எந்த அலகில் எண்ணுகிறீர்கள் என்பதை மட்டும் முதல் நாளே முடிவுசெய்து ஆவணத்தில் எழுதிவிடுங்கள். டெலிகிராம் யூடிஎஃப்-16 (எழுத்துகளை 16 பிட் அலகுகளாகச் சேமிக்கும் முறை) அலகில் எண்ணுகிறது. கோட்லினும் என்எஸ் ஸ்ட்ரிங்கும் அதே அலகையே பயன்படுத்துகின்றன. பைத்தான் யூனிகோடு குறியெண்களை எண்ணும்; ஸ்விஃப்டின் ஸ்ட்ரிங் முழு எழுத்துக்கூட்டங்களை எண்ணும். தமிழ் உரையில் பைத்தானும் கோட்லினும் ஒரே எண்ணைத் தருவதால் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். யூடிஎஃப்-16இல் இரண்டு அலகு பிடிக்கும் சிரிப்பு முகம் ஒன்று பத்தியின் நடுவே வந்த நாளில், அதற்குப் பின்னுள்ள தடிப்புகள் எல்லாம் ஓர் இடம் தள்ளி விழும்.

அதேபோல் யூனிகோடு இயல்பாக்கத்தை இடங்களைக் கணக்கிடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். 'கொ' என்பதிலுள்ள ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும் வரலாம். எகரக் கொம்பு, கால் என இரண்டாகவும் வரலாம். இரண்டும் திரையில் ஒன்றே. கணக்கிட்ட பிறகு யாராவது அவற்றை ஒன்றாக்கினால் குறிகள் நழுவும். தேடலிலும் இதே சிக்கல் உண்டு: ஸ்விஃப்ட் இரண்டையும் சமம் என்று சொல்லும், கோட்லின் வேறு என்று சொல்லும்.

பழைய எழுத்துருக் கட்டுரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை வைத்தவை. அக்கட்டுரைகளில் எந்தத் தொடர் தமிழ், எது உண்மையிலேயே ஆங்கிலம் என்று சொல்லும் ஒரே சான்று, அதைச் சூழ்ந்திருக்கும் எழுத்துருப் பெயர் கொண்ட டேக்தான். எச்டிஎம்எல்லைத் தூய்மை செய்யும் நிரல்கள் பலவும் முதல் வேலையாக அந்த டேக்கைத்தான் அகற்றும். அகற்றிய பிறகு தரவை மீட்க வழியே இல்லை. ஆகவே முதலில் யூனிகோடு மாற்றம், அதன் பின்னரே தூய்மை. மாற்றும்போதும், அவ்வெழுத்துருக்களில் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருப்பதால், தடிப்பு டேக் கொம்புக்கும் மெய்க்கும் இடையே தொடங்கியிருக்கும் இடங்கள் அங்கங்கே கிடைக்கும். டேக்கின் எல்லையைக் கொம்புக்கு முன்னால் நகர்த்திவிட்டு மாற்ற வேண்டும்.

அணிலாடு எழுதியது:

பண்டாரம் அவர்கள் தொட்ட இடத்திலிருந்தே தொடர்கிறேன், ஏனென்றால் தமிழ் உரைக்கே உரிய தொல்லைகள் பெரும்பாலும் ஸ்பானின் எல்லைகளில்தான் தோன்றுகின்றன.

தேடிய சொல்லை வண்ணமிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வாசகர் 'க' என்று தேடுகிறார். உரையில் 'கொடி' இருக்கிறது. நிரல் ககரக் குறியெண்ணுக்கு மட்டும் பின்னணி வண்ணம் அல்லது எழுத்து வண்ணம் கொடுக்கிறது. பல சூழல்களில் உரை ஸ்பானின் எல்லையில் இரண்டாக வெட்டப்பட்டுத் தனித்தனியாக உருவமைக்கப்படுவதால், உயிர்க்குறி தன் மெய்யை இழந்து, புள்ளியிட்ட வட்டத்தோடு அநாதையாக நிற்கும். எல்லையை எப்போதும் முழு எழுத்துக்கு விரித்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டில் பிரேக் இட்டரேட்டரும், ஐபோனில் என்எஸ் ஸ்ட்ரிங்கின் கம்போஸ்டு கேரக்டர் செயற்கூறும், ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் கேரக்டர்ஸ் தொகுப்பும் இதற்கு உதவும். முன்னோட்டச் சுருக்கத்தை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று எழுதும் இடத்திலும் இதே விதிதான். இரண்டு எழுத்துகளை மட்டும் தனியே கவனியுங்கள்: யூனிகோடு விதிப்படி 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் இரண்டிரண்டு கூட்டங்களாகவே எண்ணப்படுகின்றன, அவற்றின் நடுவே ஸ்பான் எல்லை விழுந்தால் கூட்டெழுத்து கலைந்து, மெய் புள்ளியோடு தனியே தெரியும்.

சாய்வெழுத்து தமிழில் மரபாக இருந்ததில்லை. கட்டுரையாளர் நூற்பெயரைச் சாய்வாக அமைத்திருந்தால் ஆண்ட்ராய்டு தமிழ் எழுத்தைச் செயற்கையாகச் சாய்த்துக் காட்டும். ஐபோனின் உரைப்பெட்டியில் அது பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்கும், அதே ஐபோனின் வெப்வியூவில் சாயும். இந்த முரண்பாட்டைச் சரிசெய்ய முனைவதைவிட, தரவில் அதைச் 'சாய்வு' என்று குறிக்காமல் 'நூற்பெயர்', 'அழுத்தம்' என்று பொருளால் குறித்துவிட்டு, தமிழ் உரைக்கு ஒற்றை மேற்கோள்குறியோ தடிப்போ பயன்படுத்துவது கண்ணுக்கு இதமானது. அச்சில் நாம் இதைத்தானே செய்துவந்தோம்!

வரி உயரம் இன்னொன்று. ஆண்ட்ராய்டில் எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட் என்றொரு பண்பு நெடுங்காலமாக இருக்கிறது. அதை இயக்கினால் செங்குத்தில் நெருக்கப்படாத எழுத்துருவும் அதற்குரிய உயரமும் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொண்டு தொகுக்கும் செயலிகளுக்கு அது இயல்பாகவே இயங்கும்; அம்மாற்றத்தால் வாசிப்பு மேம்படும் எழுத்துமுறைகளின் வரிசையில் தமிழையும் கூகுளின் ஆவணம் குறிப்பிடுகிறது. ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காகக் கொண்டால் அதை அணைக்கவே முடியாது. எனவே வரி உயரத்தைக் கையால் இறுக்கிவைத்த பழைய திரைகளை இப்போதே பார்த்துவிடுங்கள். பொத்தான்களில் உகரக் குறியின் அடி வெட்டுப்படும் இடங்கள் நிச்சயம் தென்படும்.

இருபுறமும் ஒழுங்கு செய்த பத்தி வேண்டும் என்று ஆசிரியர் குழு கேட்கும். ஆண்ட்ராய்டு 8.0 முதல் டெக்ஸ்ட்வியூவில் அது இயலும். கைபேசியின் குறுகிய வரியில் தமிழின் நெடுஞ்சொற்கள் மூன்றோ நான்கோதான் அடங்கும் என்பதால், சொற்களுக்கிடையே வண்டி போகும் அளவுக்கு இடைவெளி விழும். இடப்புற ஒழுங்கே போதும் என்று மறுத்துவிடுங்கள்.

செய்யுளுக்கு மட்டும் சற்று மெனக்கெடலாம். ஓர் அடி திரையின் அகலத்தில் அடங்காமல் மடியும்போது, மடிந்த பகுதி உள்தள்ளி நிற்காவிட்டால் அடி எங்கே முடிந்தது என்று வாசகருக்குத் தெரியாது. வெண்பாவின் ஈற்றடி மற்ற அடிகளைவிடக் குறுகியது என்பதுகூடத் தெரியாமற்போகும். ஆண்ட்ராய்டில் லீடிங் மார்ஜின் ஸ்பானுக்கு முதல் வரிக்கு ஓர் அளவும் மற்ற வரிகளுக்கு ஓர் அளவும் தனித்தனியே கொடுக்கலாம்; ஐபோனில் பத்திப் பாணியின் ஹெட் இண்டென்ட் அதைச் செய்கிறது. ஒவ்வோர் அடியையும் தனிப் பத்தியாகக் கருதினால்தான் இது வேலைசெய்யும். வரிமுறிப்பு டேக் மட்டும் போட்டு ஒரே பத்தியாக வைத்தால் வெப்வியூவிலும் இது தானாகக் கிடைக்காது.

செவிவழி வாசகர் எழுதியது:

நான் திரையைப் பார்த்து வாசிப்பவன் அல்லன். ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானாகிய டாக்பேக் வழியாகக் கேட்பவன். இந்த உரையாடலில் எவரும் அந்தப் பக்கத்தைத் தொடாததால் எழுதுகிறேன்.

முழுக் கட்டுரையையும் ஒரே டெக்ஸ்ட்வியூவில் வைத்தால் எனக்கு அது ஒரே உருப்படி. நடுவில் நிறுத்திவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்புவது கடினம். தலைப்பு பெரிதாகவும் தடிப்பாகவும் தெரிவதால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. அது தலைப்பு என்று அமைப்புக்குச் சொல்லப்பட்டிருந்தால்தான் நான் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். வெப்வியூவில் இது தானாக அமைந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இயல்பான பெட்டிகளுக்கு மாறுகிறவர்கள் ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள அக்சசிபிலிட்டி ஹெட்டிங் பண்பையும், ஐபோனில் ஹெடர் குணத்தையும் மறவாமல் அமைக்க வேண்டும். துண்டுகளாகப் பிரிக்கும் முறை என்னைப் போன்றவர்களுக்கு ஏற்றதே.

கட்டுரையின் நடுவே வரும் ஆங்கில மேற்கோளுக்கு மொழிக்குறி இருந்தால் நல்லது. ஆண்ட்ராய்டில் லொகேல் ஸ்பான் இருக்கிறது. ஐபோனிலும் பேச்சு மொழியைக் குறிக்கும் பண்பு இருக்கிறது. அடிக்குறிப்பு எண்ணை வெறும் 'மூன்று' என்று கேட்கும்போது அது வாக்கியத்தின் பகுதியா, குறிப்பா என்று விளங்குவதில்லை. 'அடிக்குறிப்பு மூன்று' என்று சொல்ல வையுங்கள். கையால் தொடுகிறவர்களுக்கும் அந்தச் சிறிய மேலெழுத்து போதாது. தொடும் பரப்பு ஆண்ட்ராய்டில் 48 டிபி (அதன் திரை அளவு அலகு), ஐபோனில் 44 புள்ளி இருக்க வேண்டும் என்பதே இரு நிறுவனங்களின் வழிகாட்டல்.

வலைத்தச்சன் எழுதியது:

துண்டுமுறையின் வலிமையை மறுக்கவில்லை. ஆனால் அதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். இலக்கிய இதழின் வாசகர் ஒரு பத்தியின் பாதியிலிருந்து அடுத்த பத்தியின் பாதிவரை விரலால் இழுத்துத் தேர்ந்தெடுத்து நண்பருக்கு அனுப்புவார். ரீசைக்ளர்வியூவில் ஒவ்வொரு பத்தியும் தனிப் பெட்டி என்பதால் தேர்வு அந்தப் பெட்டியின் எல்லையில் நின்றுவிடும். கம்போஸில் பல பெட்டிகளைக் கடந்த தேர்வுக்குச் செலக்சன் கன்டெய்னர் உண்டு. அதைச் சோம்பல் பட்டியலின்மேல் (திரையில் தெரியும் வரிசைகளை மட்டும் உருவாக்கும் லேசி லிஸ்ட்) வைத்தால், திரையிலிருந்து விலகிய துண்டுகளைத் தேர்வில் வைத்திருப்பது நம்பத்தக்கதாக இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கனிக்கூடை எழுதியது:

இது மெய்யான குறைதான். இரண்டு வழிகள் தெரிகின்றன. அடுத்தடுத்து வரும் வெற்றுப் பத்திகளை, இடையில் படமோ அட்டவணையோ குறுக்கிடும்வரை, ஒரே உரைப்பெட்டியாக இணைத்துவிடலாம். ஐபோனில் யூஐ டெக்ஸ்ட்வியூவும் பத்திப் பாணிகளும் இதை நன்றாகத் தாங்கும். செவிவழி வாசகர் சொன்ன தலைப்புத் தாவலுக்காகத் துணைத்தலைப்பு வரும்போதும் பெட்டியை முறித்துவிடலாம். அப்போது தேர்வு ஓர் உட்பிரிவு முழுவதும் ஓடும். மற்றொரு வழி, பத்தியை நீண்ட நேரம் அழுத்தினால் பத்தி முழுவதையும் கட்டுரையின் இணைப்போடு பகிரும் வசதி. மேற்கோள் காட்டும் வாசகருக்குப் பெரும்பாலும் வேண்டியது இதுவே.

ஃப்ளட்டரைப் பற்றி இதழ்ப்பணி கேட்டதற்குச் சுருக்கமான பதில்: இதற்காக மட்டும் மாற வேண்டாம். ஃப்ளட்டர் இரு தளங்களின் உரைப்பெட்டிகளையும் பயன்படுத்தாமல் எழுத்தைத் தானே வரைகிறது. எனவே இரு கைபேசிகளிலும் ஒரே தோற்றம் கிடைக்கும், 2022இல் வந்த 3.3 பதிப்பு முதல், பல பெட்டிகளைக் கடந்து தேர்ந்தெடுக்க உதவும் செலக்சன் ஏரியாவும் இருக்கிறது. ஆயினும் டெக்ஸ்ட் ஸ்பானுக்குப் பத்தி அளவிலான உள்தள்ளல் தெரியாது. துண்டுகளாகப் பிரித்துப் பேடிங் (ஓர இடைவெளி) கொடுத்துத்தான் தீர வேண்டும். கூகுள் பராமரித்துவந்த மார்க்டவுன் தொகுப்பும் 2025இல் கைவிடப்பட்டது. இதேபோன்ற இன்னொரு கட்டமைப்பான ரியாக்ட் நேட்டிவில் ஒன்றுக்குள் ஒன்றாக எழுதும் டெக்ஸ்ட் உறுப்புகள், அடியில் ஐபோனில் அட்ரிபியூட்டட் ஸ்ட்ரிங்காகவும் ஆண்ட்ராய்டில் ஸ்பானாகவுமே மாறுகின்றன. மேலே பேசிய எல்லைகள் அங்கும் நீங்குவதில்லை. எந்தக் கட்டமைப்பை எடுத்தாலும் பண்டாரம் சொன்ன ஜேசன் அப்படியே பயன்படும் என்பதால், அதிலிருந்து தொடங்குவதே உங்களுக்குக் குறைந்த இழப்பு.

இதழ்ப்பணி எழுதியது:

முடிவுக்கு வந்துவிட்டோம். சர்வரில் மாற்றி, கைபேசியில் துண்டுகள், வெற்றுப் பத்திகளை இணைத்த உரைப்பெட்டிகள். இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. அட்டவணைகளை என்ன செய்வது? வாசகர் கருத்துகளிலும் சிறிது வடிவூட்டல் தர எண்ணுகிறோம். அங்கு எச்டிஎம்எல்லை ஏற்கலாமா?

ஆண்ட்ராய்டு உழவன் எழுதியது:

கருத்துகளில் எச்டிஎம்எல்லை ஏற்காதீர்கள். வாட்ஸாப் பழக்கத்தால் உடுக்குறிகளுக்கு (*) நடுவே எழுதினால் தடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நான்கைந்து குறிகளை மட்டும் சர்வரில் படித்து அதே ஜேசன் குறிகளாக மாற்றிவிடுங்கள். பிறர் எழுதிய எச்டிஎம்எல் வெப்வியூவுக்குள் போவதும், அந்த வெப்வியூவில் ஜாவாஸ்கிரிப்டும் செயலியோடு பேசும் பாலமும் திறந்திருப்பதும் சேர்ந்தால், கருத்து எழுதியவரின் நிரல் உங்கள் செயலிக்குள் ஓடும். ஆண்ட்ராய்டில் வெப்வியூவின் ஜாவாஸ்கிரிப்ட் இயல்பாக அணைந்தே இருக்கிறது. தேவையில்லாத இடத்தில் அதை இயக்காதீர்கள்.

சர்வர் பண்டாரம் எழுதியது:

அட்டவணைக்கு என் பரிந்துரை: இரண்டு நெடுவரிசை மட்டும் உள்ளவற்றை இடப்பக்கச் சொல் தடித்தும் அதன் கீழே விளக்கமுமாக, வரிசை வரிசையாக வரைந்துவிடுங்கள், குறுகிய திரையில் அது கட்டங்களைவிட நன்றாகவே வாசிக்கப்படும். அதைவிட அகலமானவற்றை 'மூலத் துண்டு' என்ற வகையில் எச்டிஎம்எல்லாகவே அனுப்பி, பட்டியலில் ஒரு சிறு முன்னோட்ட அட்டையாகக் காட்டி, தொட்டவுடன் முழுத்திரை வெப்வியூவில், கிடைமட்ட உருட்டலோடு திறக்கலாம். வெப்வியூ அங்கே தனித் திரையில் இருப்பதால் உயரச் சிக்கலும் உருட்டல் மோதலும் எழா.

மாற்றி அடையாளம் காணாத எந்த உறுப்பையும் இதே மூலத் துண்டு வழியாகவே விடுங்கள். பழைய செயலியை வைத்திருக்கும் வாசகர், நாளை நீங்கள் புதிதாகச் சேர்க்கும் துண்டுவகையைக் கண்டு வெற்றிடத்தைப் பார்க்கக் கூடாது. மூல எச்டிஎம்எல்லை எக்காரணம் கொண்டும் அழிக்காமல், ஒவ்வொரு கட்டுரையின் ஜேசனோடும் எந்த மாற்றிப் பதிப்பில் அது உருவானது என்ற எண்ணையும் சேர்த்து வையுங்கள். மாற்றியைத் திருத்தும் நாளில் பழைய எண் கொண்டவற்றை மட்டும் மீண்டும் ஓட்டிவிடலாம். கைபேசியில் சேமித்திருக்கும் படியும் அந்த எண்ணைப் பார்த்தே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.